தீர்க்கதரிசியின் நாணயம்

போலிச் சமயப் போதகரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் வஞ்சகத்தைப் பற்றியே பேசுகின்றோம். ஒருவன் காவி உடுத்தோ அங்கி தரித்தோ வந்தான், ஊர் ஏமாந்தது, உண்மை வெளிப்பட்டதும் அவன் மறைந்தான் என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. அவன் எத்தகைய சமூகத்திற் பிழைக்க முடிந்தது, அவனை இனங்காண அச்சமூகத்திடம் என்ன கருவி இருந்தது, அக்கருவி பின்னர் ஏன் மழுங்கிற்று என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை தேடுவோருக்குக் கிறிஸ்தவத்தின் முதல் நான்கு நூற்றாண்டுகளின் வரலாறு பெரும்பயன் தரும். கள்ளத் தீர்க்கதரிசியை அளந்தறிய அக்காலத்து எளிய மக்கள் வகுத்துக்கொண்ட விதிகள் எழுத்து வடிவில் எமக்குக் கிடைத்துள்ளன. அவ்விதிகள் வானத்தைப் பற்றிப் பேசியதைவிட அப்பத்தையும் படுக்கையையும் பணத்தையும் பற்றியே மிகுதியாகப் பேசின என்பது கவனத்திற்குரியது.

1873ஆம் ஆண்டில் பிலோத்தியோஸ் பிரியேனியோஸ் என்னும் கிரேக்கத் திருச்சபை அறிஞர் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒரு பழைய நூலகத்தை ஆராய்ந்தபோது கையெழுத்துச் சுவடித் தொகுதி ஒன்றைக் கண்டெடுத்தார். 1056ஆம் ஆண்டில் லியோ என்னும் எழுத்தர் பிரதிசெய்த தொகுதி அது. அதனுள் ‘டிடாக்கே’, அதாவது ‘போதனை’, எனப்படும் சிறுநூல் ஒன்று இருந்தது. 1883இல் பிரியேனியோஸ் அதனை அச்சிட்டு வெளியிட்டபோது கிறிஸ்தவ உலகமே வியப்படைந்தது. 367ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் புதிதாகச் சமயத்திற் சேர்வோர் படிக்கத்தக்கதெனப் பெயர் குறித்த நூல், பின்னர் வழக்கொழிந்து போன நூல், நூற்றாண்டுகள் பல கடந்து மீண்டும் கைக்கு வந்தது. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பெரும்பாலும் சிரியா நாட்டுப் பகுதியில், இது உருப்பெற்றிருக்க வேண்டுமென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

அந்நூல் தோன்றிய சமூகச் சூழலை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். அக்காலக் கிறிஸ்தவருக்குக் கோயில் இல்லை, நிலபுலம் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. கைவினைஞர், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், விதவைகள் எனப் பலதிறப்பட்டோர் யாராவது ஒருவரின் வீட்டிற் கூடி அப்பத்தைப் பகிர்ந்து உண்டனர். ஓர் ஊரின் செய்தியை மற்றோர் ஊருக்குக் கொண்டுசென்றவர்கள் கால்நடையாகத் திரிந்த போதகர்கள். ரோம அரசு தன் படைக்காக அமைத்த வீதிகளிலேதான் அவர்களும் நடந்தனர். ஆனால் அதே வீதிகளில் வேறுபலரும் திரிந்தனர். தாடியும் கோலும் மூலதனமாகக் கொண்ட தத்துவவாதிகளும், சிரிய தேவதையின் சிலையைக் கழுதைமேல் ஏற்றி ஊரூராகக் காசு திரட்டிய பூசாரிகளும் அக்கால இலக்கியத்தில் எள்ளி நகையாடப்படுவதைக் காணலாம். இத்தகைய உலகில், கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி வாசலில் நின்ற அந்நியனுக்கு உணவும் உறையுளும் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. அன்பினால் விளைந்த அந்த நம்பிக்கையே வஞ்சகனுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. அவன் தின்றது செல்வனின் மிச்சத்தை அன்று. விதவைக்கும் நோயாளிக்கும் ஒதுக்கிய அப்பத்தை. ஆகவே கள்ளப் போதகனை இனங்காணுதல் அம்மக்களுக்குத் தத்துவ விவாதமன்று. வயிற்றுப்பாட்டோடு பிணைந்த பிரச்சினையாகும்.

டிடாக்கே வகுத்த விதிகள் எளிமையானவை. ஊர்தோறும் செல்லும் அப்போஸ்தலன் ஒருவன் வந்தால் அவனை ஆண்டவரைப் போலவே ஏற்க வேண்டும். ஆயினும் அவன் ஒருநாள் தங்கலாம். தேவையானால் இன்னுமொரு நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் சேரும்வரைக்கு வேண்டிய அப்பத்தையன்றி வேறெதனையும் அவன் பெறலாகாது; பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று எமது மக்கள் அனுபவத்திற் கண்ட அளவுகோலுக்கு இஃது எவ்வளவு அணித்தாயுள்ளது! உழைத்துண்போர் உலகின் எப்பகுதியில் வாழ்ந்தாலும் அவர்தம் பட்டறிவு ஒத்த முடிவுகளுக்கே வருகின்றது போலும்.

இன்னும் நுட்பமான விதிகளும் உண்டு. ஆவி ஏவப்பெற்றவனாய் ஒரு தீர்க்கதரிசி விருந்து படைக்குமாறு கட்டளையிடக்கூடும். அவ்விருந்தில் அவனே அமர்ந்து உண்டால் அவன் போலி. ஆவேசத்தில் நின்று, தனக்குப் பணம் தருமாறு அவன் சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்கலாகாது. வறியோர் பிறருக்குக் கொடுக்குமாறு சொன்னால் அவனை எவரும் குறைகூறலாகாது. உண்மையைப் போதித்தும் போதித்தபடி நடவாதவனும் போலியே. இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆவேசத்திற் பேசுபவனின் பேச்சைச் சோதித்துப் பார்ப்பதை அந்நூல் தடைசெய்கின்றது. எழுத்தறிவு குறைந்த குயவனும் நெசவாளியும் தேவவாக்கு என உரைக்கப்படுவதோடு வாதாடி வெல்லுதல் இயலாது. ஆனால் உரைத்தவன் எத்தனை நாள் தங்கினான், யார் வீட்டுப் பந்தியில் அமர்ந்தான், எதைக் கேட்டு வாங்கினான் என்பவற்றை எவரும் பார்க்கலாம். மறைபொருளின் நடுவே நின்ற மக்களுக்குக் கண்ணெதிரே தெரியும் நடத்தையை அளவுகோலாக்கிக் கொடுத்தமையே இவ்விதிகளின் சிறப்பு எனலாம். தமிழில் காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். தீர்க்கதரிசியின் ஒரு நாணயத்தை மற்றதனைக் கொண்டே அம்மக்கள் அளந்தனர்.

ஊரில் நிலையாகத் தங்க விரும்பும் விருந்தாளிக்கு மற்றொரு விதி இருந்தது. கைத்தொழில் தெரிந்தவனாயின் அவன் உழைத்து உண்ணட்டும். தொழில் தெரியாதவனாயின், சோம்பேறியாய் அவன் உங்களிடையே வாழாதபடி தக்க வழியை ஆய்ந்து செய்யுங்கள். இதற்கு இணங்காதவனுக்கு அந்நூல் ஒரு பெயர் சூட்டியது. கிரேக்கத்தில் ‘கிறிஸ்தெம்போரொஸ்’ என்பது அது. ‘கிறிஸ்து வியாபாரி’ என நாம் அதனைத் தமிழாக்கலாம். கிறிஸ்துவின் பெயரைக் கைமுதலாக்கிப் பிழைப்பு நடத்துபவன் என்பது பொருள். கொள்கையிற் பிழைத்தவனுக்குச் சூட்டிய பெயரன்று இது. உழைப்பிலிருந்து நழுவியவனுக்குச் சூட்டிய பெயர். கூடாரத் தொழிலாளியாயிருந்து தன் கைகளால் உழைத்த பவுலின் மரபு இதன் பின்னணியில் நிற்பதை உணரலாம்.

இதனைக் கொண்டு அம்மக்களைக் கைச்சிக்கனம் மிக்கோரென எண்ணிவிடுதல் தவறாகும். மெய்யான தீர்க்கதரிசி நிலையாகத் தங்கினால் ஆலையிலும் களத்திலும் மந்தையிலும் கிடைக்கும் முதற்பலனை அவனுக்குக் கொடுக்குமாறு அதே நூல் கூறுகின்றது. தீர்க்கதரிசி இல்லாத ஊரில் அதனை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். போதகனுக்கு உரியதும் ஏழைக்கு உரியதும் ஒரே பங்கு என்பது இதிலிருந்து பெறப்படும். போலிப் போதகன் யாருடைய பங்கைத் திருடுகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இனி, சோதனை போதகனோடு நின்றுவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி. தருமம் பெறுபவனும் தன்னைச் சோதித்தல் வேண்டுமென டிடாக்கே எச்சரித்தது. தேவையின்றிப் பெற்றவன், ஏன் பெற்றான், எதற்காகப் பெற்றான் என்பதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டி வரும். பிறனை அளந்த கோலே தன்னையும் அளக்கும் கோலாயிற்று. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சமாரியச் சீமோன், ஆவியின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்க முற்பட்டவன். அவன் அவிசுவாசியாயிருந்து அவ்வாறு செய்யவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பின்னரே செய்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பொறாமையினாலும் போட்டியினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிப்போர் உளரெனப் பவுலே பிலிப்பியருக்கு எழுதினார். போதனை சரியாயிருந்தும் நோக்கம் பிழையாயிருக்கக்கூடும் என்பதை ஆதிக் கிறிஸ்தவர் அறிந்திருந்தனர்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்னும் நூல் இவ்வகையில் ஒப்பற்ற சான்று. அதனை எழுதிய எர்மாஸ் அடிமையாக விற்கப்பட்டவர்; பின்னர் விடுதலை பெற்று வாணிகத்தில் ஈடுபட்டவர். உண்மையே பேசு என்னும் கட்டளையைக் கேட்டதும் அவர் அழுகின்றார். தம் வாழ்நாளில் தாம் ஓர் உண்மை வார்த்தைகூடப் பேசியதில்லை என்றும், எல்லோரோடும் தந்திரமாகவே பழகிவந்ததாகவும், தம் பொய்யை உலகம் மெய்யென நம்பியதாகவும் ஒப்புக்கொள்கின்றார். அதே எர்மாஸ்தான் கள்ளத் தீர்க்கதரிசியின் அடையாளங்களையும் வரைந்து தருகின்றார். அவன் தன்னை உயர்த்திக்கொள்பவன், முதலாசனத்தை விரும்புபவன், கூலி பெற்றே குறி சொல்பவன், கூலி இல்லையேல் அவனிடம் வாக்கும் இல்லை. தனிமையில் மூலையிலிருந்து, கேட்பவரின் ஆசைக்கு ஏற்ற விடையை அளிப்பவன். நேர்மையாளர் கூடிய சபையில் அவன் ஊமையாகிவிடுவான். தன் பொய்யை முதலிற் கண்டவருக்கே பிறனின் பொய்யும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்பதை நாம் தற்செயலெனக் கொள்வதற்கில்லை. ‘ஆசைக்கு ஏற்ற விடை’ என்னும் அடையாளமோ கேட்பவனையும் கூண்டில் நிறுத்துகின்றது. விலை கொடுக்க ஆளில்லாத சந்தையில் வியாபாரி கடை விரிப்பதில்லை. எளிதாய்க் கிடைக்கும் செல்வத்தையும், உழைக்காமல் வரும் நலத்தையும், பிறரைவிடத் தான் உயர்ந்தவனென்ற நிம்மதியையும் சமயத்தில் தேடுபவனே போலிப் போதகனை உருவாக்குகின்றான்.

விதிகள் இருந்தும் ஏமாற்றம் நிகழவே செய்தது. சிரிய நாட்டவரான லூசியன் என்னும் அங்கத எழுத்தாளர், 165ஆம் ஆண்டில் ஒலிம்பியாவில் தீப்பாய்ந்து இறந்த பெரெகிரீனஸ் என்பவனைப் பற்றி எழுதியுள்ளார். அவன் சிலகாலம் கிறிஸ்தவரிடையே தலைவனாய் விளங்கினான்; சிறைப்பட்டபோது விதவைகளும் அநாதைச் சிறுவர்களும் விடியற்காலையிலேயே சிறைவாசலிற் காத்திருந்தனர்; தூரத்து நகரங்களிலிருந்தும் உதவி வந்தது; அதனால் அவன் பெரும்பொருள் ஈட்டினான் என்கிறார் லூசியன். இச்சூதற்ற மக்களிடம் எந்தத் தந்திரக்காரனும் விரைவில் செல்வனாகிவிடலாம் என்பது அவரது ஏளனம். லூசியன் நகைத்தார்; ஆனால் அவர் நகைத்த செய்தியை நாம் வேறுவிதமாகவும் வாசிக்கலாம். முகமறியாத கைதிக்காக ஏழைகள் பொருள் சேர்த்து அனுப்பிய சமுதாயம் ஒன்று அங்கு இருந்தது. இறுதியில் தங்கள் விலக்கை மீறியவனென அச்சமுதாயமே அவனை வெளியேற்றியதாகவும் அதே லூசியன் கூறுகின்றார்.

காலப்போக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கள்ளப் போதகன் என்ற சொல் மக்களைக் காக்கும் வேலியாயிருந்த நிலைமாறி, ஒரு சாரார் மறுசாராரைத் தாக்கும் ஆயுதமாகவும் மாறிற்று. ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் பிரிகியா நாட்டு மொந்தானுசின் இயக்கத்தைக் கண்டித்து எழுதிய அப்பொலோனியுஸ், அவன் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றான் என்பதைப் பெருங்குற்றமாகச் சாட்டினார். அதே காலத்தில் ரோமாபுரியில் நத்தாலியுஸ் என்பவர், விசுவாசத்துக்காகத் துன்பம் அனுபவித்தவர், மாதம் 150 தெனாரியம் சம்பளத்திற்கு ஒரு பிரிவினைக் குழுவின் தலைவராக இசைந்தார் என்றும், பின்னர் மனம்வருந்தி இரட்டுடுத்துச் சபையாரின் காலில் விழுந்தார் என்றும் எதிர்த்தரப்பார் எழுதிய குறிப்பொன்று கூறுகின்றது. ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார்த்தேஜ் நகரத்துச் சிப்பிரியானின் சபையில் குருமார் மாதந்தோறும் பங்குபெறுவது வழக்கமாகிவிட்டது. பிரிவினைக்காரர் பெற்றபோது கூலி எனப்பட்டது, சபையார் பெற்றபோது ஒழுங்கு எனப்பட்டது. முழுநேரப் பணிக்கு ஊதியம் பெறுதல் குற்றமென்பது எமது கருத்தன்று. அளவுகோலைக் கையில் வைத்திருந்தோர் தம்மை மாத்திரம் அளக்காமல் விட்டனர் என்பதே குறிக்கத்தக்கது.

313ஆம் ஆண்டில் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவத்திற்குச் சுதந்திரம் அளித்ததோடு குருமாரை நகரப் பொதுக்கடமைகளிலிருந்தும் விடுவித்தான். அக்கடமைகள் செல்வரின் பையை வற்றச்செய்யும் சுமைகள். உடனே வசதிபடைத்தோர் பலருக்குக் குருத்துவத்தில் நாட்டம் பிறந்தது. 326ஆம் ஆண்டளவில் செல்வர் குருவாகலாகாது என அரசே சட்டமியற்ற வேண்டியதாயிற்று. பேரரசனைப் போற்றி எழுதிய வரலாற்றாசிரியர் எவுசேபியுசே, சபைக்குள் நுழைந்து கிறிஸ்தவரெனப் பொய்ப்பெயர் பூண்டோரின் பாசாங்கை அவ்வாட்சியின் குறையாகக் குறித்துள்ளார். 370இல் பேரரசன் வலந்தீனியன், குருமார் விதவைகளின் வீடுகளை நாடுவதையும் அவர்களின் மரணசாசனத்தால் சொத்துப் பெறுவதையும் தடைசெய்தான். அச்சட்டத்திற்காகத் தாம் வருந்தவில்லை, அத்தகைய சட்டம் தேவைப்பட்டதற்கே வருந்துவதாகத் துறவியும் அறிஞருமான ஜெரோம் எழுதினார். முன்னர் விதவையின் அப்பத்தைக் காக்க ஊர்மக்கள் விதிசெய்தனர். இப்பொழுது சபையின் ஊழியரிடமிருந்து விதவையைக் காக்க அரசு விதிசெய்தது. முந்நூறு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்திற்குத் தனிமனிதரின் பேராசை மாத்திரம் காரணமாகாது. சோதிக்க வேண்டிய சபையே செல்வத்தின் பங்காளியான பின்னர் சோதனையால் நட்டமடைவதும் அதுவே ஆயிற்று.

சலுகையும் நோக்கமும் பற்றிய இதே பிரச்சினை பிற்காலத்தில் எமது நாட்டிலும் எழுந்தது. போர்த்துக்கேயர் ஆட்சியில் ஆதாயங்கருதி ஞானஸ்நானம் பெற்றோர் பலர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமது புரட்டஸ்தாந்த சமயத்தை ஆட்சியோடு பிணைத்தனர். உத்தியோகம் பெறவும், பாடசாலைத் தோம்பிற் பெயர் பதியவும் ஞானஸ்நானம் வழியாயிற்று. பெயரளவிற் கிறிஸ்தவராயிருந்தோரை அக்காலப் பாதிரியார் பல்தேயுசே கண்டிருந்தார். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபின் பதிவேட்டிலிருந்த சபையின் பெரும்பகுதி கலைந்து மறைந்தது. மறுபுறத்தில், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்தார். கழுத்திற் செபமாலையுடன் யாழ்ப்பாணத்து வாசல்களிற் பிச்சைக்காரராய் நின்று தம்மவரை இனங்கண்டார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர் கொடுப்பதற்கு உத்தியோகம் எதுவுமில்லை. அவரை ஏற்றோருக்குக் கிடைக்கக்கூடியது தண்டனை. ஒரு தலைமுறை சலுகைக்காக ஏற்ற சமயத்தை மறுதலைமுறை இழப்பின் நடுவே காத்துநின்றது. ஒரு சமயப்பிரிவு மற்றதைவிட உயர்ந்தது என்பதன்று இங்கு நாம் பெறும் முடிவு. நோக்கம் என்பது ஆதாயம் நீங்கிய பின்னரே தெளிவாகத் தெரிகின்றது என்பதே முடிவு.

இன்று போதகர் கால்நடையாக வருவதில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வருகின்றனர். மூன்றாம் நாள் விதியை அவர்மீது ஏவுதல் இயலாது. ஆனால் அவ்விதியின் உள்ளீடு பழையதாகிவிடவில்லை. போதிப்பவன் தான் போதித்தபடி வாழ்கின்றானா? அவன் கேட்பது தனக்கா, வறியோருக்கா? அவன் பெறுவது யாருடைய பங்கு? அவன் கணக்கைக் கேட்கும் உரிமை சபையிலுள்ள கடைசி ஏழைக்கும் உண்டா? இவ்வினாக்களைக் கேட்கச் சமயநூற் புலமை வேண்டுவதில்லை. கிறிஸ்தவருக்கு மாத்திரம் உரியனவும் அல்ல இவை. கோயிலிலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் கேட்கத்தக்கவை. அரசியல் மேடையில் நின்று மக்களின் பெயரால் பேசுவோரிடமும், பேனா பிடித்து மக்களுக்காக எழுதுவதாய்ச் சொல்லும் எம்மிடமுங்கூடக் கேட்கத்தக்கவை.

இவ்வினாக்களோடு இன்னொன்றும் சேர்தல் வேண்டும். நான் இங்கு ஏன் வந்தேன், எதைப் பெற வந்தேன் என்பது அது. எர்மாஸ் அழுதுகொண்டு கேட்ட வினா அதுவே. அதனைத் தன்னிடம் கேட்டுக்கொண்டவன் பிறரிடம் மற்ற வினாக்களைக் கேட்கும்போது அவற்றில் பொறாமையும் பகையும் கலப்பது குறைகின்றது. அவ்வாறு கேட்போர் கூடியிருக்கும் சபையில் கிறிஸ்து வியாபாரிக்கு மூன்றாம் நாளும் தங்கும் துணிவு வராது.